சும்மா ஓடுகிறவர்

சாத்தூர்ப் பக்கம் ஒரு ஆள் ஓடினால் அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், பஸ் தெரியும். நாய் துரத்தி ஓடலாம், நாய் தெரியும். பஸ்ஸும் தெரியாமல் நாயும் தெரியாமல் ஒரு ஆள் ரோட்டில் ஓடி வருகிறார் என்றால், பார்க்கிறவர்கள் வாயிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எந்த ரூமு?" பதில் வருவதற்கு முன்பே கேட்டவரும் ஓட ஆரம்பித்திருப்பார்.

ஊசிமேட்டுப்பட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள். கம்பெனிக்குள் வெடிமருந்து வேலை நடக்கிற கட்டடத்தை ரூம் என்பார்கள். ஒரு ரூமுக்கு நான்கு வாசல், நான்கு பேர். வாசல் நான்கு வைத்திருப்பது காற்றோட்டத்துக்கு என்று வெளியூர் மாப்பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைத் திருத்துவதில்லை. கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், ஆடி மாதத்துக் காலை ஒன்றில், காரணமே இல்லாமல் ஓடினார் ஜெயபாண்டி. வேறு யாராவது ஓடியிருந்தால் ஊர் நாலு வார்த்தை திட்டிவிட்டு மன்னித்திருக்கும். ஜெயபாண்டி போர்மேன்.

போர்மேன் என்றால் ஓடாதவர் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக அவர் வாங்குகிற சம்பளமே அதற்குத்தான். கம்பெனி கேட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு உண்டு: ஓடாதே, உரசாதே, இழுக்காதே. அந்த மூன்றையும் யாரும் மீறாமல் பார்ப்பது அவர் வேலை. செருப்பில்லாத காலோடு ரூம் ரூமாகப் போவார். அவர் வந்து நிற்பது பெண்களுக்கு அவர் நிழல் விழுந்த பிறகுதான் தெரியும். யாராவது மருந்துத் தட்டைத் தரையில் லேசாக இழுத்துவிட்டால், "ஏத்தா..." என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஒரு 'ஏத்தா'வில் தட்டு தானாக எழும்பிக் கைக்கு வந்துவிடும் என்று பேச்சு. நாற்பத்தேழு வயது, முன்னால் கொஞ்சம் தொப்பை, பின்னால் எக்கச்சக்க மரியாதை.

எல்லாம் சுகரில் ஆரம்பித்தது. சாத்தூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நடங்க" என்றார்.

"நாள் பூரா நடந்துக்கிட்டுத்தான சார் இருக்கேன்?"

"அது கம்பெனிக்கு நடக்கிறது. உங்களுக்குன்னு ஒரு மணி நேரம் நடங்க."

"அரை மணி நேரம்னா முடியும் சார்."

"சுகர்கிட்ட போய்ச் சொல்லுங்க, பாதி ஏறினாப் போதும்னு."

கடைசியில் முக்கால் மணி நேரத்துக்குப் பேசி முடித்தார்கள். இரண்டு பேருக்கும் தான் ஜெயித்ததாகத் திருப்தி.

மறுநாள் விடிந்ததும் ஜெயபாண்டி கண்மாய்க் கரைக்குப் போனார். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையில் ஆள் இல்லை. வேலைக்கு நடப்பது போலவே நடந்தார். கல்லைப் பார்த்து, முள்ளைப் பார்த்து, ஓரத்தில் கிடந்த பீடித்துண்டைப் பார்த்துக் கோபப்பட்டு. பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் ஆடிக்காற்று அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு போனது. "ஏய்" என்று துண்டைப் பார்த்துச் சொன்னார், ரூமில் சொல்வது போலவே. துண்டு அவரிடம் வேலை பார்க்கிற ஆள் இல்லை, நிற்கவில்லை. கரைச் சரிவில் உருண்டு, ஒரு கருவேலஞ்செடியைத் தாண்டி, கண்மாய்க்குள் இறங்கிப் பறந்தது. ஜெயபாண்டி பின்னாலேயே ஓடினார்.

இருபது எட்டு வைத்த பிறகுதான் தான் ஓடுகிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. நின்றிருக்கலாம். நிற்கவில்லை. துண்டு நின்று நின்று போக்குக் காட்டியது. இவர் குனிந்தால் எழும்பிப் பறந்தது. இவர் இடப்பக்கம் மறித்தால் அது வலப்பக்கம் போனது. ஒரு வழியாகக் காலால் மிதித்துப் பிடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, இடுப்பு வலித்தது, வாய் காது வரைக்கும் விரிந்திருந்தது. கண்மாயைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. துண்டை உதறினார். பிறகு இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, காற்று நன்றாக வீசுகிற நேரம் பார்த்து, வேண்டுமென்றே விட்டுவிட்டு மறுபடியும் துரத்தினார்.

அதற்கடுத்த மூன்று வாரத்துக்குத் துண்டு தேவைப்படவில்லை. கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினார். சரிவில் இறங்கும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். கள்ளச் சாராயம் குடிக்கிறவன் போல ஒளிந்து ஒளிந்து ஓடினார். வீட்டில் கேட்டால் "நடந்துட்டு வாரேன்" என்றார். பேச்சியம்மாள் புருஷனுடைய வேட்டியில் ஒட்டியிருந்த புழுதியையும் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். நடந்துவிட்டு வருகிற எந்த ஆம்பிளைக்கும் அப்படி ஒரு முகம் இருந்து அவள் பார்த்ததில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டுவைத்தாள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கரை முழுக்க வேலிக்கருவையை வெட்டிக் குவித்திருந்தார்கள், மிதிக்க இடமில்லை. ஜெயபாண்டிக்குக் கால் அரித்தது. சரி, இன்றைக்கு ஒரு நாள் ரோட்டில் ஓடினால் என்ன என்று திரும்பினார். மணி ஆறே முக்கால். ஆலமரத்து ஸ்டாப்பில் கம்பெனி வேனுக்காக முப்பது பெண்கள் தூக்குவாளியோடு நிற்கிற நேரம் என்பது அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக எதையும் மறக்காத மனிதர், அன்றைக்கு மறந்தார்.

வளைவில் திரும்பி அவர் ஓடி வருவதை முதலில் பார்த்தவள் ஆவுடைத்தாய். பட்டாசுச் சரம் பின்னுகிறவள், நாற்பது வயது, ஊரில் அவள் நாக்குக்குத் தனி லைசன்ஸ் உண்டு. போர்மேன் ஓடி வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டி, வாயைத் திறந்துகொண்டு ஓடி வருகிறார். அவள் "எந்த ரூமு?" என்றுகூடக் கேட்கவில்லை. போர்மேனே ஓடுகிறார் என்றால் ரூம் கணக்கெல்லாம் தாண்டிவிட்டது. தூக்குவாளியைப் போட்டாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், உழுது போட்டிருந்த கரிசல் காட்டுக்குள் விழுந்தடித்து ஓடினாள். முப்பது பேரும் பின்னால் ஓடினார்கள். டீக்கடை சம்சு பாய் அடுப்பை அணைத்தார், கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கினார், அதோடு ஓட முடியாது என்று தெரிந்து அதைக் குப்பைக்குழியில் உருட்டிவிட்டு ஓடினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு ஓடினார்கள். எதிரே வந்த கம்பெனி வேன் அரை கிலோமீட்டர் பின்பக்கமாகவே போனது. யாரோ தீயணைப்புக்குப் போன் போட்டார்கள்.

ஜெயபாண்டி ஆலமரத்தடிக்கு வந்து நின்றபோது அங்கே தூக்குவாளிகளும் செருப்புகளும் ஒரு கோழியும்தான் இருந்தன. தனக்குப் பின்னால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும், இந்த முறை நிஜமாகவே, காட்டுக்குள் ஓடினார்.

காட்டு நடுவில் எல்லோரும் குப்புறப் படுத்திருந்தார்கள். சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை.

"போர்மேன் அண்ணே, எந்தக் கம்பெனி?" என்று மண்ணிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள் ஆவுடைத்தாய்.

"தெரியலையே. நீங்கல்லாம் எதுக்கு ஓடுனீக?"

"நீங்க ஓடுனீக, நாங்க ஓடுனோம். நீங்க எதுக்கு ஓடுனீக?"

ஜெயபாண்டி அப்போது ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாம்பு, வயிற்றுக்கடுப்பு, எதுவாக இருந்தாலும் அந்தச் சமயத்தில் விலை போயிருக்கும். அவர் உண்மையைச் சொன்னார்.

"சும்மா."

ஆவுடைத்தாய் எழுந்தாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்திருந்தது. சோறும் போய், செருப்பும் போய், கரிசல் மண் அப்பிய முகத்தோடு அவரைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதைத்தான் ஊரே பெரிய ஆபத்தாக நினைத்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. வந்ததற்கு டீ குடித்துவிட்டுப் போனது. கம்பெனி முதலாளி சிவகாசியிலிருந்து போன் போட்டார். "ஜெயபாண்டி, நீ ஓடு, ஆடு, எனக்கொண்ணுமில்ல. ஆனா நம்ம கம்பெனி பேரைச் சொல்லி ஊரு ஓடக்கூடாது. சீசன் நேரம். ஊரு என்ன சொல்லுதோ அதுதான்" என்று சுருக்கமாக முடித்தார். எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவதில் அவர் தராசை மிஞ்சியவர்.

ஊர் சொன்னது ஒரே வார்த்தை: ஓடக்கூடாது.

ஜெயபாண்டி நான்கு நாள் ஓடாமல் இருந்தார். நாலாம் நாள் இரவுச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தவரைப் பார்த்து, பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்த ஓட்டத்துல?"

"ஒண்ணும் இல்ல பேச்சி."

"ஒண்ணும் இல்லாததுக்கா மனுசன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நான் எதுக்குச் சம்பளம் வாங்குறேன்? பயப்படுறதுக்கு. இருநூறு பேருக்கும் சேத்து நான் ஒருத்தன் பயப்படணும். வீட்டுக்கு வந்தாலும் கண்ணு தரையிலயே கெடக்கு, எங்கன உரசும், எங்கன சிந்தும்னு. அங்கன கரையில ஓடுறப்ப மட்டும் நான் எதையும் பாக்குறதில்ல. சிரிக்கேன். தனியா, கிறுக்கன் மாதிரி சிரிக்கேன். இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

பேச்சியம்மாள் கரண்டியைத் திரும்ப எடுத்தாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "கரைக்கே போறதுதான?" என்றாள்.

"கரையை உசத்துறாக. மழை வார வரைக்கும் பொக்லைன் நிக்கும். ரோட்டை விட்டா வேற வழி இல்ல."

"அப்ப வாயைத் தொறந்து சொல்லிக்கிட்டே ஓடுங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் காலை ஜெயபாண்டி வளைவிலேயே குரல் கொடுக்க ஆரம்பித்தார். "ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

இந்த முறை ஊர் முந்தியதைவிட வேகமாக ஓடியது. அந்தப் பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் கேட்டைச் சாத்திவிட்டு, வெளியே கூடி நிற்கிற ஜனத்தைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்பார்கள். எதுவும் நடக்காத நாளில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சம்சு பாய் கடை முன்னால் கூட்டம் கூடியது. பெஞ்சு போதாமல் சைக்கிள் கேரியரிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபாண்டி நின்றார். எதிரே ஆவுடைத்தாய், முழங்காலில் மஞ்சளும் எண்ணெயும் பூசி, இடுப்பில் கை வைத்து நின்றாள். பேரம் ஆரம்பமானது. நான் சந்தைகளில் நிறையப் பேரம் பார்த்தவன். சரக்கே இல்லாமல் நடந்த பேரம் அது ஒன்றுதான்.

"ஓடக்கூடாது" என்றாள் ஆவுடைத்தாய்.

"வாரத்துக்கு மூணு நாள்" என்றார் ஜெயபாண்டி.

"ஏன், மூணு நாள் மட்டும் செத்தாப் போதுமாக்கும் எங்களுக்கு?"

"பூட்ஸ் போட்டு ஓடுறேன். டவுன்ல ஓடுறாகள்ல, அது மாதிரி."

"காலையா பாப்போம்? ஆளு ஓடுறதைத்தான் பாப்போம். பூட்ஸைப் பாக்க முந்தி காட்டுக்குள்ள கெடப்போம்."

"விசில் அடிச்சிக்கிட்டு ஓடுனா?" என்று இடையில் புகுந்தார் சம்சு பாய்.

"விசில் அடிச்சா இன்ஸ்பெக்சன் வந்துட்டாகன்னு அர்த்தம் பாய். அதுக்கும் கணக்குல இல்லாத பாதிப் பேரு பின்வாசல் வழியா ஓடுவாக" என்றாள் ஆவுடைத்தாய். கூட்டம் சிரித்தது. ஜெயபாண்டி மட்டும் உத்தியோக முறைப்படி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் ஆவுடைத்தாய் குரலைத் தணித்தாள். "அண்ணே, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஏழு வருசத்துக்கு முந்தி வேற கம்பெனியில எனக்கு அடுத்த ரூமுல எங்க நாத்தனா இருந்தா. நான் வேலியத் தாண்டி ஓடிட்டேன். அவ ஓடல. அதுக்கப்புறம் ஓடுறதுன்னா எனக்கு அது ஒண்ணுதான். யாரு ஓடுனாலும் நான் அந்த வேலியத்தான் தாண்டுதேன். சும்மா ஓடுறதுன்னு ஒண்ணு இருக்குன்னா, அதை நான் எப்படி நம்புறது? தூரத்துல வாரப்பவே எனக்குத் தெரியணும். சொல்லுங்க, எப்படித் தெரியும்?"

பாய்லர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. ஜெயபாண்டியின் தலை லேசாகக் குனிந்தது. அந்தக் குனிதலைப் பார்த்ததும் ஆவுடைத்தாய்க்கே சங்கடமாகிவிட்டது போலும். சங்கடத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி நக்கல்தான்.

"உசுருக்கு ஓடுறவன் கையில ஒண்ணும் எடுக்க மாட்டான். நீங்க வெளாட்டுக்குத்தான ஓடுறீக? அப்ப வெளாட்டுச் சாமானோட ஓடுங்க. சைக்கிள் டயரை உருட்டிக்கிட்டு, கம்பால தட்டிக்கிட்டு வாங்க. அப்ப நம்புறேன், எந்த ரூமும் வெடிக்கலன்னு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. விற்க மனமில்லாத வியாபாரி, வருகிறவன் திரும்பிப் போகட்டும் என்று ஒரு விலை சொல்வான். ஆவுடைத்தாய் சொன்னது அந்த விலை. தொப்பை விழுந்த போர்மேன், இருநூறு பேரை ஒற்றை 'ஏத்தா'வில் நிறுத்துகிற ஆள், நடுரோட்டில் டயர் உருட்டுவதாவது! இத்தனைக்கும் ஜெயபாண்டி சின்ன வயதிலேயே டயர் உருட்டியதில்லை. உருட்ட வேண்டிய வயதில் அவர் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஜெயபாண்டி தலையை நிமிர்த்தினார். "அம்புட்டுத்தானே?"

"என்னது?"

"டயர் உருட்டுனா யாரும் ஓட மாட்டீக. அம்புட்டுத்தானே? பேச்சு மாறக்கூடாது."

ஆவுடைத்தாயின் கை இடுப்பிலிருந்து நழுவியது. சொன்ன விலைக்கு ஒருவன் அப்படியே கையை நீட்டினால் வியாபாரி திணறித்தான் போவான். "மாறல" என்றாள்.

"பாய், சாட்சி."

"சாட்சி" என்றார் சம்சு பாய், சிரிப்பை டவலில் துடைத்துக்கொண்டு.

விஷயம் பேச்சியம்மாள் காதுக்குப் போனபோது அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "டயரா? நான் காரியாபட்டிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். "எத்தனை நாளைக்கு?" என்றார் அவர். "நீங்க டயரை நேரா உருட்டப் படிக்குற வரைக்கும்." ஆனால் போகவில்லை. மாவு பாதியில் இருந்தது.

சாத்தூர் சைக்கிள் கடைக்காரர் எந்தச் சைஸ் வண்டிக்கு டயர் என்று கேட்டார்.

"வண்டி இல்ல. பழசு ஒண்ணு குடுங்க. உருட்டுறதுக்கு."

"பேரப்பிள்ளைக்கா அண்ணாச்சி?"

"எனக்கு."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். என்ன விலை சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடை வைத்த நாளிலிருந்து விலை சொல்ல அவர் திணறியது அன்றைக்குத்தான். "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை ஊரே சீக்கிரம் எழுந்துவிட்டது. ஆலமரத்தடியில் முப்பது பேர் நிற்கிற இடத்தில் நூறு பேர் நின்றார்கள். ஜெயபாண்டி வளைவில் தோன்றினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கருவேலங்கம்பு, முன்னால் டயர். ஒரு தட்டு தட்டினார். டயர் பத்தடி போய் வலப்பக்கம் சாய்ந்து சாக்கடையில் இறங்கியது. எடுத்தார், துடைத்தார், மறுபடி தட்டினார். இந்த முறை அது இடப்பக்கம் திரும்பி ஒரு வீட்டுக்குள் போனது. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரி டயரைக் கொண்டுவந்து கொடுத்து, "இந்தாங்க போர்மேன், மெதுவா" என்றாள். இருபத்திரண்டு வருடமாக அவர் மற்றவர்களுக்குப் பழக்கிய நிதானம் முதல் தடவையாக அவருக்கே திரும்பி வந்தது.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஆலமரத்துக் காக்கைகள் கலைந்தன. ஜெயபாண்டியின் காது மடல் சிவந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. ஐந்து தடவை விழுந்த டயரை ஆறாவது தடவை நிமிர்த்தி, தட்டி, கூடவே ஓடி, ஸ்டாப்பைக் கடந்து போனார். போன பிறகுதான் சம்சு பாய்க்கு ஒன்று உறைத்தது. அவர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் பொங்கிக்கொண்டிருந்தது. போர்மேன் ஓடியிருக்கிறார், ஊர் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது.

கம்பெனியில்தான் சோதனை இருந்தது. அன்று காலை ஏழாம் நம்பர் ரூமில் ஒருத்தி, அவர் வருவதைப் பார்த்துவிட்டு, காற்றில் டயர் தட்டுவது போல் கையை ஆட்டிக் காட்டினாள். மற்ற மூன்று பேரும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். சிரிப்பில் ஒருத்தியின் முழங்கை பட்டு மருந்துத் தட்டு ஒரு விரல்கடை நகர்ந்தது.

"ஏத்தா" என்றார் ஜெயபாண்டி.

நான்கு பேரும் சிலையானார்கள். தட்டு கைக்கு எழும்பியது. அவர் வாசலில் இன்னும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அடுத்த ரூமுக்குப் போனார். நடந்துபோகும்போது அவருடைய முதுகு முன்பைவிட நேராக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மரியாதை போய்விடும் என்று ஊர் எதிர்பார்த்தது; அது அங்கேயேதான் இருந்தது. அதற்கு அந்த ஒரு 'ஏத்தா' போதுமாக இருந்தது.

ஆவணி முடிவதற்குள் டயர் அவர் சொன்னபடி கேட்டது. பின்னாலிருந்து தள்ளக் கூடாது, மேல்பக்கம் தட்ட வேண்டும். திருப்ப வேண்டிய இடத்தில் கம்பை உள்பக்கம் லேசாகக் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரே விழுந்து விழுந்து கண்டுபிடித்தார். ஸ்பீட் பிரேக்கரில் டயர் எகிறிக் குதித்தால் அவரும் கூடவே ஒரு குதி குதிப்பார். ஆலமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்; பெண்கள் கைதட்டுவார்கள். சுகர் இறங்கியது. டாக்டர் "என்ன பண்றீங்க?" என்று கேட்டபோது, "கூடுதலா ஒண்ணும் இல்ல சார், பேசுன முக்கா மணி நேரந்தான்" என்றார்.

பக்கத்து ஊர்களுக்குச் செய்தி போயிற்று. ஒரு நாள் அச்சங்குளத்துக்காரர் ஒருவர் சம்சு பாய் கடையில் டீ குடித்துக்கொண்டே, "என்ன பாய், உங்க ஊரு போர்மேன் டயர் உருட்டுறாராமே, புத்தி கித்தி பேதலிச்சிருச்சா?" என்று இழுத்தார்.

சம்சு பாய் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "உங்க ஊர்ல ஒரு ஆளு ஓடுனா என்ன பண்ணுவீக?"

"ஓடுவோம்."

"எங்க ஊர்ல ஒரு ஆளு ஓடுனா நாங்க உக்காந்து டீ குடிப்போம். இந்த வட்டாரத்துலயே அப்படி ஒரு ஊரு காட்டுங்க பாப்போம். இன்னொரு டீ போடவா?"

அச்சங்குளத்துக்காரர் இன்னொரு டீ வாங்கிக்கொண்டார்.

ஆவுடைத்தாய் மட்டும் கைதட்டியதில்லை. பேச்சு மாறவும் இல்லை. தினமும் அவர் வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்பாள். முதலில் டயரைத் தேடுவாள். பார்த்த பிறகுதான் மூச்சு விடுவாள். பிறகு அவர் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் பார்ப்பாள். புரட்டாசியில் ஒரு காலை வேன் தாமதமானது. ஜெயபாண்டி இரண்டாவது வட்டம் வந்தபோது ஆவுடைத்தாய் தூக்குவாளியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு நடுவே வந்து நின்றாள்.

"கம்பைக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? குடுங்கண்ணே."

கொடுத்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள், கரிசல் காட்டில் ஓடிய அன்று செருகியது போலவே. அவள் டயரைத் தட்டிவிட்டு ஓடினாள். தோளைக் குறுக்கிக்கொண்டு, கழுத்தை இழுத்துக்கொண்டு, நான்கு எட்டுக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். டயர் கவனிப்பாரில்லாமல் தனியாக உருண்டு போய் விழுந்தது. அவள் அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் நின்றாள். நின்று, தன் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள்.

ஜெயபாண்டி டயரை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நிறுத்திப் பிடித்தார். "பின்னால ஒண்ணும் வரலத்தா. நான்தான் நிக்கேன். டயரைப் பாரு, போதும்."

அவள் தலையசைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கம்பை ஓங்கித் தட்டினாள். டயர் கிளம்பியது. அது வலப்பக்கம் சாயப்போனது. கம்பைக் கொடுத்து நிமிர்த்தினாள். இடப்பக்கம் இழுத்தது, "ஏய் சனியனே, எங்க போற" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே ஓடினாள். வளைவைத் தாண்டி அவள் மறைந்த பிறகும் அந்தத் திட்டு கேட்டது. நடுவில் ஓரிடத்தில் திட்டு சிரிப்பாக மாறியது. எந்த வார்த்தையில் மாறியது என்று ஸ்டாப்பில் நின்ற யாராலும் சொல்ல முடியவில்லை.

அவள் திரும்பி வரவில்லை. வேன் வந்தது. எல்லோரும் ஏறினார்கள், ஜெயபாண்டியும் படியில் தொற்றிக்கொண்டார். வளைவு திரும்பியதும் பார்த்தார்கள். ரோட்டுக்கு நட்டநடுவில், கொண்டை அவிழ்ந்து, கையை முழுக்க வீசி, ஆவுடைத்தாய் கம்பெனியை நோக்கி டயரை உருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் திரும்பியே பார்க்கவில்லை. இன்னொரு தடவை அடித்தான். கம்பை ஒரு ஆட்டு ஆட்டி, பின்னால் வா என்று சைகை காட்டினாள்.

"அண்ணே, வழி விட மாட்டேங்குதே?" என்றான் டிரைவர்.

"பின்னாலயே போ" என்றார் ஜெயபாண்டி.

முதல் கியரில் வேன் பின்னால் போனது. எதிரே வந்த லாரி ஓரங்கட்டி நின்றது. காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி ஓடுகிறாள் என்று பார்த்தார்கள், டயரையும் பார்த்தார்கள், கையை ஆட்டிவிட்டுக் குனிந்து களையெடுத்தார்கள். வேனுக்குள் பெண்கள் தகரத்தைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். படியில் நின்ற போர்மேன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேனின் பக்கவாட்டில் அந்தத் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே வந்தார்.